முதுகில் விழுந்த கோடுகள்

குகிமியா ஷிகேகிக்கு ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஊரில் தனக்கென்று ஒரு பெயர் கிடையாது. காளான்காரர் தோராகிச்சியின் மகன் என்றால் தெரியும். லாரி ஓட்டிக்கொண்டிருந்தானே, அவன் என்றாலும் தெரியும். அதற்கு மேல் அவனைப் பற்றிப் பேச யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. அந்த வருஷம் செர்ரி பூத்து உதிர்வதற்குள் ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அப்பனை அடிக்கிறவன்.

ஓய்தா துறைமுகத்திலிருந்து ஒசாகாவுக்கு மீன் ஏற்றிப் போய் வருவதிலேயே அவன் வயது கழிந்தது. கல்யாணம் ஆகி, பிள்ளை இல்லாமலே அது முறிந்தும் போனது. அம்மா செத்த பிறகு, அப்பா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிறார், சொந்தக் காட்டிலேயே வழி தெரியாமல் நிற்கிறார் என்று அக்கம்பக்கத்தில் இருந்து போன் வர ஆரம்பித்தது. ஃபுகுவோகாவில் இருந்த தங்கை யசுயோவுக்குப் பிள்ளைகள், மாமியார், வேலை. ஷிகேகி லாரிச் சாவியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு மலையடிவாரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தான். போ என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

சோறு பொங்கத் தெரியாதவன் கற்றுக்கொண்டான். அப்பாவின் பல்செட்டைக் கழுவவும், ஈரமான படுக்கையை மாற்றவும், பாதி சட்டை போட்டபடி வாசலுக்கு ஓடுகிறவரைப் பேச்சுக் கொடுத்துத் திருப்பிக் கூட்டிவரவும் கற்றுக்கொண்டான். தோராகிச்சிக்குச் சில நாள் அவன் மகன் என்று தெரியும். சில நாள் தபால்காரன் என்று நினைத்துக்கொண்டு, "இன்னைக்கு எனக்குக் கடுதாசி எதுவும் இல்லையாப்பா?" என்பார். "நாளைக்கு வரும் ஐயா" என்று சொல்லிவிட்டு ஷிகேகி சோற்றை ஊட்டுவான்.

வாரத்தில் இரண்டு நாள் ஊர்க்கோடியில் இருந்த பகல்நேர முதியோர் நிலையத்திலிருந்து வண்டி வந்து பெரியவரை அழைத்துப் போகும். குளிப்பாட்டி, மதியச் சாப்பாடு கொடுத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்கள். அந்த இரண்டு நாளும்தான் ஷிகேகி கண்ணை மூடித் தூங்குகிற நாள்.

மார்ச் மாதம், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, நிலையத்தின் நர்ஸ் சோனோதா போன் செய்தாள். "அண்ணே, கொஞ்சம் வர முடியுமா? இல்ல, தாத்தா நல்லாத்தான் இருக்காரு. நேர்ல வாங்களேன், பேசணும்."

குளியலறையை ஒட்டிய சின்ன அறையில் தோராகிச்சி துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோனோதா துண்டைத் தோளிலிருந்து இறக்கினாள்.

முதுகு முழுக்கச் சிவப்புக் கோடுகள். தோளிலிருந்து இடுப்புவரை, குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றின் மேல் ஒன்று. மெல்லிய மூங்கில் பிரம்பை எடுத்து வெறி தீர விளாசினால் எப்படி இருக்குமோ அப்படி. பக்கவாட்டிலும் தொடையிலும்கூட இருந்தன.

"இது என்னது?" என்றான் ஷிகேகி.

"அதை நான்தான் உங்ககிட்ட கேக்கணும்ணே."

"முந்தாநாள் நான் துணி மாத்தும்போது இல்லையே!"

சோனோதா கிழவரின் முன் குனிந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். பதினைந்து வருஷமாக இந்த ஊர்க் கிழடுகளைக் குளிப்பாட்டுகிறவள். குரலை இறக்கி, "தாத்தா, இதை யாரு செஞ்சது?" என்றாள்.

"பையன்" என்றார் தோராகிச்சி.

அந்த நாட்களில் அவர் எந்தக் கேள்விக்கும் அதையேதான் சொல்வார். சோறு யார் போட்டது? பையன். இன்றைக்கு என்ன கிழமை? பையன். அது சோனோதாவுக்கும் தெரியும். ஆனாலும் கதவருகில் துண்டு மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு சொல் அன்று சாயங்காலமே ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே, தூக்கம் உண்டா, குடிப்பதுண்டா, கோபம் வருமா என்று கேட்டார்கள். பெரியவர் படுக்கிற அறையைப் பார்க்கலாமா என்றார்கள். அந்தப் பெண் அலமாரிக் கதவை நகர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தபோது ஷிகேகிக்குப் பொறுக்கவில்லை.

"என்னத்தத் தேடுறீங்க? பெல்ட்டா? கயிறா? இருக்கு, எல்லா வீட்டுலயும் இருக்கு! உங்க வீட்டுல இல்லையா?"

அவன் குரல் இயல்பிலேயே பெரிசு. லாரி எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். தோராகிச்சி பயந்து காதைப் பொத்திக்கொண்டார். வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை போதுமாக இருந்தது. மறுநாளே, கொஞ்ச நாள் இருவருக்கும் ஓய்வு என்று சொல்லி, பெரியவரைப் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அங்கே கோடுகள் மெல்ல மெல்லப் பழுப்பாகி, உதிர்ந்து, மறைந்துவிட்டன.

தோல் ஆறியதைக் கேட்டு ஷிகேகிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குள் ஒளிந்திருந்த ஆபத்தை அவன் கவனிக்கவில்லை. மகனிடமிருந்து பிரித்தால் ஆறுகிறது என்று எல்லோரும் ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டிருந்தார்கள்.

அப்பா வீடு திரும்பிய நாள் காலையில், அவன் வீட்டுக்குப் பின்னால் தேவதாரு நிழலுக்குப் போனான். ஓக் மரக்கட்டைகளை வரிசையாகச் சாய்த்து வைத்து, அவற்றில் காளான் வித்து இறக்கியவர் தோராகிச்சிதான். மழைக்குப் பிறகு ஷீடாக்கே காளான் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்துக் கிளம்பியிருந்தது. ஷிகேகி ஒரு கூடை பறித்துவந்தான். கரி அடுப்பைப் பற்றவைத்து, காளானைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் வேர்வை போல நீர் கசிந்ததும் எடுத்துவிட்டான். சோயா சாறு ஒரு சொட்டு, கபோசு எலுமிச்சை ஒரு பிழி.

வாசனை மூக்கில் ஏறியதும் தோராகிச்சியின் முகம் மாறியது. சில நிமிஷத்துக்கு அவர் பழைய ஆளாகிவிட்டார்.

"நெருப்புல ரொம்ப விட்டுடாதடா. செருப்புத் தோலு மாதிரி ஆயிடும்."

"தெரியும்ப்பா."

"உங்கம்மா தெரியாம வேக வைப்பா. ஒரு மணி நேரம் கொதிக்க விடுவா. அந்தக் காளான் என்ன பாவம் பண்ணுச்சோ."

ஷிகேகி சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்பா அவனோடு பேசுகிறார், மகன் என்று தெரிந்து பேசுகிறார். இன்னொன்று, இன்னொன்று என்று கேட்கக் கேட்கக் கொடுத்தான். மறுநாளும் அதையே கேட்டார். மறுநாளும் கொடுத்தான்.

அதற்கடுத்த குளியல் நாளில் கோடுகள் திரும்ப வந்திருந்தன. முன்னைவிட அதிகமாக, கழுத்துவரை.

இப்போது ஊருக்குச் சந்தேகம் எதுவும் மிஞ்சவில்லை. கூட்டுறவுக் கடையில் அவன் நுழைந்தால் பேச்சு அறுந்துபோகும். பெட்ரோல் பங்கில், அவனோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் குழாயைப் பிடித்தபடி, "என்ன ஷிகே, கிழவனுக்குத் துணி துவைக்கிறதுக்குப் பதிலா கிழவனையே துவைக்கிறியாமே?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

யசுயோ போன் செய்தாள். எடுத்ததுமே அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணே, நான் உன்னைத் திட்ட மாட்டேன். எல்லாத்தையும் உன் தலையில கட்டிட்டு இங்க உக்காந்திருக்கிறவ நான். உண்மைய மட்டும் சொல்லு. அடிச்சியா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு பழைய நினைவு குறுக்கே வந்தது. குளிர்காலத்தில் ஒரு நாள், மூன்றாவது தடவையாகப் படுக்கையை அசிங்கம் செய்துவிட்டு, துடைக்கப் போன அவன் முகத்தில் அப்பா காறித் துப்பினார். அப்போது அவன் கை மேலே போயிருந்தது. அந்தரத்திலேயே நின்றது, இறங்கியும் விட்டது. ஆனால் போனது போனதுதான். ஒருவேளை நான் என்னை அறியாமலே ஏதாவது செய்துவிடுகிறேனோ? தூக்கம் கெட்டுக் கெட்டு என் கை செய்வது எனக்கே தெரியாமல் போய்விட்டதோ? அன்றைக்குச் சந்தேகம் அவனுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

"அண்ணே?"

"அடிக்கல" என்றான். "அடிக்கணும்னு தோணியிருக்கு. அடிக்கல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு யசுயோ, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

சோனோதாவுக்கும் மனசு சரியில்லை. முதலில் சொன்னது அவள்தான். ஆனால் இரண்டாம் தடவை அந்த முதுகைச் சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது சில விஷயங்கள் அவளுக்கு இடித்தன. தோல் எங்கும் கன்றிப்போகவில்லை, வீங்கவில்லை. அடிபட்ட இடத்தைத் தொட்டால் யாருக்கும் வலிக்கும். இவரோ, "அங்கதான், அங்கதான், நல்லாச் சொறி" என்கிறார். அதைவிட, சாயங்காலம் மகன் வந்து கையை நீட்டும்போது கிழவர் பின்வாங்குவதே இல்லை. குழந்தை மாதிரி இரண்டு கையையும் நீட்டுகிறார். அடிபட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் கை நீட்டுவதில்லை.

அவள் வாசலில் ஷிகேகியை நிறுத்தினாள். "அண்ணே, நகரத்துல தோல் டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. நகராட்சிக்காரங்களும் எப்படியும் டாக்டர் சர்டிபிகேட் கேக்கப் போறாங்க. அவங்க கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நீங்களே கூட்டிட்டுப் போங்க."

"எதுக்கு? நான் அடிச்சேன்னு முத்திரை குத்தி வாங்கிக்கவா?"

"அரிக்குதுங்கிறாருண்ணே. அடிபட்ட இடம் அப்படி அரிக்காது."

டாக்டர் அகமினே ஒகினாவாக்காரி, நடுத்தர வயசு, அதிகம் பேசாதவள். முதலில் ஷிகேகியை வெளியே உட்காரச் சொன்னாள். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம்தான் தன் ஆயுளிலேயே நீளமான நேரம் என்று பிற்பாடு அவன் சொல்வான். பனி கொட்டும் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இறங்கியபோதுகூட நேரம் இப்படி நின்றுபோனதில்லை.

கதவு திறந்தது. "உள்ள வாங்க."

அவன் வந்து நின்றான். உட்காரவில்லை.

"இது அடிச்ச தழும்பு இல்ல" என்றாள் டாக்டர்.

அவனுக்குக் காதில் விழுந்தது. மனசில் இறங்கவில்லை. டாக்டர் அவன் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து அப்பாவின் முதுகருகே நிற்கச் சொன்னாள். "நல்லாப் பாருங்க. கோடு மாதிரி தெரியுது, இல்லையா? கிட்டத்துல பாத்தா கோடே கிடையாது. குண்டூசித் தலை மாதிரிச் சின்னச் சின்னப் பொரி, ஒண்ணை ஒட்டி ஒண்ணு வரிசையா நிக்குது. அடிச்சா ரத்தம் கட்டும், இப்படிப் பொரிப் பொரியா வராது. இது உள்ள இருந்து வர்ற தடிப்பு. அவரு சொறியச் சொறிய அதே தடத்துல இன்னும் ஏறியிருக்கலாம்."

ஷிகேகி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"எதனால வந்துச்சுன்னுதான் இப்போ பாக்கணும்" என்று டாக்டர் கேள்விகளை ஆரம்பித்தாள். புது மருந்து ஏதாவது? இல்லை. புற்றுநோய்க்கு ஊசி போட்டதுண்டா, அதில் ஒரு மருந்துக்கு இப்படி வரும். இல்லை. சோப்பு, துணி துவைக்கிற பொடி மாற்றினீர்களா? இல்லை. காட்டில் செடி கொடி எதிலாவது சாய்ந்தாரா? பட்டால் தோல் தடிக்கிற அரக்கு மரம் பக்கத்தில் இருக்கிறதா? இல்லை.

"முதல் தடவை வர்றதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டாரு?"

ஷிகேகிக்கு மறுபடியும் சுருக்கென்றது. "நான் அவருக்குக் கெட்டது எதையும் கொடுக்கல டாக்டரம்மா."

"கெட்டதுன்னு நான் சொல்லலையே. என்ன கொடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

சோறு, மிசோ சூப், மீன், முட்டை, கீரை. "அப்புறம் காளான். எங்க வீட்டுக் காளான்தான். மழைக்கு நல்லா வந்திருந்துச்சு."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "ஷீடாக்கேயா? ரெண்டாவது தடவையும் அதுவா? எப்படிச் செஞ்சு கொடுத்தீங்க?"

அவன் சொன்னான். கரி அடுப்பு, கவிழ்த்து வைப்பது, விளிம்பில் நீர் கசிந்ததும் எடுப்பது. சொல்லும்போதே கை காற்றில் காளானைத் திருப்பிப் போட்டது. "ரொம்ப வெந்தா இறுகிடும். அவருக்குப் பல்செட்டு. மெல்ல முடியாம முழுங்கித் தொண்டையில மாட்டிக்குவாரு. அதனால பாதி வெந்ததுமே எடுத்துடுவேன்."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தாள். பிறகு, சரியாக வேகாத ஷீடாக்கே சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, சாப்பிட்டு ஓரிரு நாள் கழித்துச் சாட்டையால் அடித்தது போல இப்படித் தடிக்கும், நன்றாக வேகவைத்தால் வராது என்று சொன்னாள்.

"நானும்தான் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் வரலையே?"

"எல்லாருக்கும் வராது. ஏன் சிலருக்கு மட்டும் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

"அவரு அந்தக் காட்டுலயே பிறந்து வளந்தவரு. பிறந்ததுல இருந்து காளான்தான் சாப்பிடுறாரு."

"யாரு சமைச்சு?"

ஷிகேகி பழைய அடுப்பங்கரையை நினைத்துப் பார்த்தான். அம்மா. காயவைத்த காளானை ஊறப்போட்டு, ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிற அம்மா.

"அப்போ நான்தான் காரணமா?"

"காளான் காரணமா இருக்கலாம். ரத்தத்தைப் பாத்து இதுதான்னு அடிச்சுச் சொல்ற சோதனை கிடையாது. நிறுத்திப் பாப்போம். ஆறி, திரும்ப வராம இருந்தா அதுதான்னு வச்சுக்கலாம். ஆனா அடி இல்லைங்கிறதை இப்பவே எழுதித் தரேன். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

வீடு திரும்பும் வழியில் ஆற்றோரமாக வண்டியை நிறுத்தி, ஷிகேகி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் தன் மடியில் கிடந்த துண்டை எடுத்து அவன் தலைமேல் போட்டார். என்ன நினைத்துப் போட்டார் என்று யாருக்குத் தெரியும்?

அரிப்புக்கு மருந்து தடவினார்கள். காளானை நிறுத்தினார்கள். கோடுகள் மறைந்தன. ஏப்ரல் போய், மே போய், மழைக்காலம் வந்தும் அவை திரும்பவில்லை. இத்தனைக்கும் பெரியவர் இருந்தது அதே வீட்டில், அதே மகனோடுதான்.

நகராட்சியிலிருந்து போனில் கூப்பிட்டு, விஷயம் முடிந்துவிட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி என்றார்கள். ஊர் எதுவும் சொல்லவில்லை. பெட்ரோல் பங்க்காரன் ஒரு வாரம் கண்ணாடியைக் கூடுதலாகத் துடைத்துவிட்டான், அவ்வளவுதான். பழி வந்த வேகத்தில் விலகுவதில்லை. இன்னும் சிலர், காளானாவது மண்ணாங்கட்டியாவது, டாக்டரைச் சரிக்கட்டிவிட்டான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சோனோதா மட்டும் வீட்டுக்கே வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசல் நடையில் நின்று, தலை முழங்காலில் படுகிற அளவுக்குக் குனிந்தாள். "என்னால உங்களுக்குப் பெரிய அவமானம் ஆயிடுச்சுண்ணே. மன்னிச்சுடுங்க."

ஷிகேகி அவளை ஏகப்பட்ட நாள் மனசுக்குள் திட்டியிருந்தான். அவள் வந்தால் சொல்வதற்கென்றே வைத்திருந்த வார்த்தைகளும் இருந்தன. குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்தபோது அவை எங்கேயோ போய்விட்டன.

"நிமிருங்கம்மா. நான் இதை யோசிச்சுப் பாத்துட்டேன். நான் அடிக்கல. ஆனா நிஜமாவே அடிக்கிறவன் ஒருத்தன் வீட்டுல எங்கப்பா இருந்திருந்தா? நீங்க பாத்துட்டுப் பேசாம துண்டைப் போத்திவிட்டிருந்தா?" உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினான். "நீங்க சொன்னது சரிதான். எனக்கு வலிச்சதும் நிஜந்தான். ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து தேநீர் குடித்தாள்.

தோராகிச்சி அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தார். காளானை ஷிகேகி ஒரேயடியாக விட்டுவிடவில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காயவைத்து, ஊறவைத்து, அம்மா செய்தபடியே வெகுநேரம் கொதிக்கவைத்து, பிறகு கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கிக் கஞ்சியில் கலந்து கொடுத்தான். பெரியவர், "ருசியே இல்ல, எவ சமைச்சது?" என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டார். சளி நெஞ்சில் கட்டி, ஒரு ஜனவரிக் காலையில், மகன் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் அவன் மகன் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த கை என்று மட்டும் தெரிந்தது.

சாவுக்கு ஊரே வந்தது. வந்தவர்களில் யார் யார் என்ன பேசினார்கள் என்பது ஷிகேகிக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் தலை வணங்கினான்.

வீட்டில் தனியாக இருக்க முடியாமல் மறுபடியும் லாரிக்குப் போகலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, முதியோர் நிலையத்துக்கு வண்டியோட்ட ஆள் தேவைப்பட்டது. சோனோதா நிலைய மேலாளரிடம் அவன் பெயரைச் சொன்னாள். மேலாளர் தயங்கினார். "குடும்பத்துக்காரங்க ஏதாவது சொன்னா?" என்றார். "சொன்னா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள் அவள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் மட்டும், அந்த ஆள் ஓட்டினால் எங்கள் அம்மாவை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அந்த வீட்டுக்கு வேறொருவர் போனார். மற்ற வீடுகளில், முதல் வாரம் முகத்தைப் பார்க்காமல் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்து விட்டுப் போனார்கள். அப்புறம் பேசினார்கள். அப்புறம், "ராத்திரி சரியாத் தூங்கலண்ணே, கொஞ்சம் முரண்டு பிடிப்பாரு, பாத்துக்கோங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அப்படிச் சொல்கிறவர்களின் கண்ணுக்கடியில் இருக்கிற கருப்பை ஷிகேகி பார்ப்பான். வண்டிக் கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று, "சாயங்காலம்தான் கொண்டுவருவேன். அதுவரைக்கும் போய்ப் படுங்க" என்பான். அந்தப் பெரிய குரலில் அது அதட்டல் போலத்தான் கேட்கும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.